துக்கத்தில் கேட்ட சத்தமும் மூன்றாம் நாள் செய்தியும்

இயேசுவின் உயிர்த்தெழுதலை நம்பாமல் இருக்க என்னிடம் சொந்த அனுபவத்தில் கிடைத்த ஒரு காரணம் இருந்தது. பிறகு அதே காரணம்தான் என்னைத் திருப்பியும் விட்டது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு ஆஸ்துமா. நடுராத்திரியில் மூச்சு முட்டினால் விளக்குகூடப் போடாமல் மேஜை இழுப்பறையைத் தடவி, இன்ஹேலரை எடுத்துக் குலுக்குவாள். அவள் இறந்து சில வாரம் கழித்து அந்தக் குலுக்கல் சத்தம் எனக்குக் கேட்டது. நன்றாக விழித்துத்தான் இருந்தேன். எழுந்து பார்த்தால் இன்ஹேலர் இழுப்பறையில் வைத்தபடியே இருக்கிறது. அதன் முதுகில் உள்ள எண்ணிக்கை 43-இல் நிற்கிறது. இது பல தடவை நடந்தது.

பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து தேடிப் படித்தேன். வேல்ஸ் நாட்டு மருத்துவர் டெவி ரீஸ் என்பவர் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார். கிட்டத்தட்ட பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல உணர்ந்ததாகவோ, பார்த்ததாகவோ, குரல் கேட்டதாகவோ சொன்னார்களாம். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை. படித்ததும் மனசு லேசானது. கூடவே இன்னொன்றும் முடிவாகிவிட்டது: இறந்த இயேசுவை உயிரோடு பார்த்ததாகச் சொன்ன பேதுருவுக்கும் மகதலேனா மரியாளுக்கும் நடந்தது இதுதான். பாவம், துக்கம் தாங்காமல் பார்த்திருக்கிறார்கள். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன்தான், ஆனால் விசுவாசம் என்னவோ அவளுடையதாகத்தான் இருந்தது. அடக்க ஆராதனையில் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று சொன்னபோது, தூங்குகிறவளையா பெட்டியில் வைத்து ஆணி அடிக்கிறீர்கள் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது.

அந்த முடிவோடு நிம்மதியாகத்தான் இருந்தேன். ஒருநாள் வேறொன்று உறைத்தது. இத்தனை முறை சத்தம் கேட்டும் கல்லறை காலியாகியிருக்குமோ என்று எனக்கு ஒருதரம்கூடத் தோன்றவில்லை. சத்தம் கேட்கக் கேட்க, அவள் போய்விட்டாள் என்பதுதான் இன்னும் உறுதியானது. "என் மனைவி எழுந்துவிட்டாள்" என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. யார்தான் சொல்வார்கள்?

சீஷர்களும் சொல்லியிருக்கத் தேவையில்லை. வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தில், சிறையில் இருந்த பேதுரு வாசலில் வந்து தட்டுகிறார். உள்ளே இருப்பவர்கள் "அவருடைய தூதனாயிருக்கலாம்" என்கிறார்கள். அதாவது இப்படிப்பட்ட அனுபவத்துக்கு அவர்களிடம் ஏற்கெனவே ஒரு விளக்கம் தயாராக இருந்தது. உயிர்த்தெழுதலோ, அதை நம்பின பரிசேயர் என்ற யூதப் பிரிவினருக்கும் கடைசி நாளில் எல்லாருக்கும் சேர்த்து நடக்க வேண்டியது. நடுவில், ஒரே ஒருவருக்கு மட்டும், அதுவும் சிலுவையில் தொங்கினவருக்கு என்று எவரும் காத்திருக்கவில்லை. கல்லறைக்குப் போய்வந்த பெண்கள் சொன்னது அப்போஸ்தலருக்கே வீண்பேச்சாகத் தோன்றியது என்று லூக்கா ஒளிக்காமல் எழுதுகிறார்.

அடுத்தது பவுல். இயேசுவுக்காக அவர் ஏன் துக்கப்படப் போகிறார்? சபையைத் துன்புறுத்திக்கொண்டிருந்த ஆள். ஏறக்குறைய 55-ஆம் ஆண்டில் கொரிந்தியருக்கு எழுதும்போது, உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்கள் என்று தனக்கு முன்பிருந்த விசுவாசிகள் ஒப்புவித்த பட்டியலைத் தருகிறார்: கேபா (பேதுருதான்), பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள், யாக்கோபு, கடைசியில் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். இந்த யாக்கோபு இயேசுவின் சகோதரர். சகோதரர்கள் முதலில் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் சொல்கிறார். அதே யாக்கோபை 62-இல் கல்லெறிந்து கொன்றதை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் பதிவு செய்திருக்கிறார். என்னுடைய துக்க விளக்கம் மரியாளுக்குப் பொருந்தலாம். இந்த இருவருக்கும் இழுத்துப் போர்த்தினாலும் எட்டவில்லை.

இதெல்லாம் நிரூபணம் என்று நான் வாதாட வரவில்லை. பின்காஸ் லாபிடே என்ற யூத அறிஞர், இயேசு உயிர்த்தெழுந்தது நடந்த சம்பவம்தான் என்று ஏற்றுக்கொண்டார். கடைசிவரை யூதராகவே இருந்தார். வாதம் ஒருவனை வாசல்வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். நான் உள்ளே போனது ஜெபத்தில்தான், அதுவும் எனக்குச் சொந்தமில்லாத ஒரு ஜெபத்தில். மாற்குவில் வலிப்பு வந்த பையனின் தகப்பன் கதறுவானே, "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று, அதைத்தான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த நாளில் நம்பத் தொடங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதத் தோன்றியது. நான் ஒரு அம்மா. எங்கள் பிள்ளை பிறந்ததும் இறந்துபோனான். எனக்கு நீங்கள் சொன்ன வாதங்கள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவன் எழுந்திருப்பான் என்று முதல் நாளே நம்பினேன். என்னைக் கொன்றது ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான். "விசுவாசி அழலாமா?" என்றார்கள். உயிர்த்தெழுதலைச் சொல்லிச் சொல்லியே என் வாயை அடைத்தார்கள். வீட்டில் அழ முடியாமல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன்.

இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவின் கல்லறையில் இயேசு கண்ணீர் விட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும்தான் அழுதார். இதை ஒரு வயதான அம்மா எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அழுதார். பவுலும் தெசலோனிக்கேயருக்கு, நம்பிக்கையில்லாத மற்றவர்களைப்போல் துக்கிக்காதீர்கள் என்றுதான் எழுதினார். துக்கிக்கவே கூடாது என்றா எழுதினார்? துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் நல்லது.

*

நான் இன்னும் பாதி வழியில் நிற்கிறவன். அப்பா போனதிலிருந்து, ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது "சரீரம் உயிர்த்தெழுதலும்" என்ற இடத்தில் வாயை மூடிக்கொள்வேன். பக்கத்தில் நிற்கிற அம்மாவுக்குத் தெரியும், ஒன்றும் கேட்கமாட்டார். மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில், உயிர்த்தெழுந்தவரை மலையில் நேருக்கு நேர் பார்த்தபோதும் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று இருக்கிறது. அவர் அவர்களைத் தனியாகப் பிரித்து அனுப்பிவிடவில்லை. எல்லாரோடும் சேர்த்தே "புறப்பட்டுப் போங்கள்" என்றார். அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை போய்க்கொண்டிருக்கிறேன்.

மேலே எழுதியவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: நம்பிக்கை வந்த பிறகும் அந்தச் சத்தம் கேட்கிறதா?

*

எப்போதாவது கேட்கும், தம்பி. இப்போது எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.