தண்ணீர் லாரி எங்கே நிற்கணும்?

தங்கள் ஊர் உள்ளாட்சிப் பிரதிநிதிகளைப் பற்றி நெல்லை மாவட்டத்திலிருந்து இருவர் சொன்னவை இவை.

சேரன்மகாதேவி பக்கத்திலிருந்து:

2023 டிசம்பர் 17, 18-இல் தாமிரபரணி பெருகியபோது நான் ஊரில்தான் இருந்தேன். வெள்ளம் வடிந்த பிறகுதான் நிஜக் கஷ்டம். ஆற்றுக்குள் இருந்த உறைகிணறு மண்மூடிக் கிடந்தது, கரண்டும் இல்லை. மேல்நிலைத் தொட்டி காலி. கரை நிறைய தண்ணீர் ஓடுகிறது, குடிக்க ஒரு குடம் கிடையாது.

மூன்றாம் நாள் லாரி வந்தது. எப்போதும் கோயில் முக்கில்தான் நிற்கும். மேலத்தெருவே குடத்தோடு அங்கே நின்றோம். ஊராட்சித் தலைவர் அக்கா டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, வண்டியை நேராகக் கீழக்காலனிக்கு விடச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. பின்னாலேயே போய், "ஓட்டுப் போட்டது நாங்களும்தான் அக்கா" என்றேன்.

"நம்ம தெருவுல எத்தன வீட்டுல கெணறு இருக்கு தம்பி?"

எண்ணிச் சொன்னேன், பதினொன்று.

"இங்க ஒண்ணுகூட இல்ல. கரண்டு இல்லன்னாலும் நமக்கு வாளி போட்டு எறைக்கலாம். ஆனா வெள்ளத்தண்ணி எறங்கிருக்கு, சும்மா குடிச்சிராதிய. சாயந்தரம் பிளீச்சிங் பவுடரோட ஆள் வரும். நாளைக்கு எறைச்சு, கொதிக்க வச்சுக் குடிங்க."

சொன்னபடி ஆள் வந்தார், அக்காவும் கூடவே வந்தார். அவர் வீடும் எங்கள் மேலத்தெருதான். அவர் வீட்டுக் கிணற்றுக்குக் கடைசியாகத்தான் மருந்து போட்டார்கள்.

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் வந்த பிறகும், பல ஊர்களில் வீட்டுக்காரர்தான் நாற்காலியில் உட்காருகிறார். இங்கேயும் அப்படித்தான் நடக்கும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். அந்த நினைப்புக்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

ஒவ்வொரு லோடுக்கும் அக்கா அந்தந்தத் தெருவில் ஒரு பெண்ணிடம் நோட்டில் கையெழுத்து வாங்கியிருந்தார். ஜனவரி 26 கிராம சபையில் லாரி வாடகையை வாசித்தபோது, "ஒரே நாள்ல ரெண்டு லோடு எப்படி?" என்று ஒருவர் எழுந்தார். அக்கா பதில் சொல்லவில்லை, நோட்டை அவர் கையில் கொடுத்தார். கூட்டத்திலிருந்து காலனிப் பாட்டி ஒருவர் எழுந்து, "ரெண்டுக்கும் நாந்தாம்யா கையெழுத்துப் போட்டேன்" என்றார். கேட்டவர் நோட்டை முழுதாகப் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

ராதாபுரம் பக்கத்திலிருந்து:

அம்மாவின் முதியோர் உதவித்தொகைக்காக எங்கள் வார்டு கவுன்சிலரிடம் போனேன். தூரத்துச் சொந்தம், மாமா முறை. ஏற்கெனவே ஒரு புரோக்கர் ஐயாயிரம் கேட்டிருந்தான். மாமா ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்று நம்பிப் போனேன்.

"இது தாலுகா ஆபீஸ் காரியம் மருமவனே. எனக்கு இதுல அதிகாரமே கெடையாது. இருக்குன்னு எவனாவது சொன்னா நம்பாத" என்றார். அதிகாரம் இல்லை என்று ஒரு கவுன்சிலர் தன் வாயால் சொல்லி அன்றுதான் கேட்டேன். மறுநாள் காலையில் அவரே வீட்டுக்கு வந்து ரேஷன் கார்டையும் ஆதாரையும் வாங்கிப் பார்த்தார். இரண்டிலும் வயது வேறு வேறு. அதை முதலில் சரிசெய்யச் சொல்லி, இ-சேவை மையத்துக்கு அம்மாவைத் தன் வண்டியிலேயே கூட்டிக்கொண்டு போனார்.

மாதங்கள் ஆயின. இப்போது 1,200 ரூபாய் வருகிறது. முதல் பணத்தில் அம்மா அவருக்கு ஒரு சீப்புப் பழம் கொடுத்தனுப்பினாள். ஒரே ஒரு பழத்தைப் பிய்த்துக்கொண்டு மிச்சத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.