ஒயிலாட்டப் படங்களுக்குக் காசு வாங்கலாமா?

கேள்வி (தேவிபட்டினம்):
எங்கள் ஊர் ஒயிலாட்டக் குழுவில் ஆடுகிறேன், முளைப்பாரித் திருவிழாவில் மூன்று வருடமாகப் படமும் எடுக்கிறேன். டியூப்லைட் வெளிச்சத்தில் கைக்குட்டை வீசும் கை கலங்காமல் விழ வேண்டும் என்று கடன் வாங்கி லென்ஸ் வாங்கினேன். இந்த முறை பெரிய பிரதிக்கு 300 ரூபாய் என்றதும், 'சாமி காரியத்தில் வியாபாரமா?' என்று ஒரு மாமா கேட்டுவிட்டார். மனசு ஆறவில்லை.

தொண்டி:
தம்பி, தவில்காரருக்கும் பந்தல்காரருக்கும் ஊர் வரியில்தானே கொடுக்கிறோம்? தாராளமாக வாங்குங்கள். விலையை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மண்டபம்:
காசு எனக்குப் பெரிதில்லை தம்பி. நாங்கள் கும்மி அடித்த படம் ஒரு கடை விளம்பரத்தில் தொங்கியது, எங்களில் ஒருத்தியைக்கூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள் கேமராவைக் கண்டாலே திரும்பிக்கொள்கிறார்கள். ஆடுகிறவர்களுக்கு விற்பது வேறு, ஆடுகிறவர்களை வெளியாளுக்கு விற்பது வேறு.

கீழக்கரை:
அக்கா சொல்வது சரி. அப்புறம் ஒன்று, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி நீங்களாக எடுத்த படம் உங்களுடையது. விழாக் குழு பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை குழுவுக்கே. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினம்:
நன்றி அக்கா. கேட்காமல் ஒரு படமும் வெளியே போகாது. நாளை மாமாவைப் பார்த்துப் பேசுகிறேன்.