மெதுவா ஓடுறவங்க மட்டும் வாங்க: வழியில நடந்ததைச் சொல்லுங்க (காரைக்குடி, தேவகோட்டை சுத்துவட்டாரம்)

செக்காலை மெதுவண்டி

தைப்பூசத்துக்கு முந்தி, பாதயாத்திரைக்காரக குன்றக்குடிக்கு வந்து சேர்ற சமயம். விடியக்காலம் பிள்ளையார்பட்டி ரோட்டுல ஓடிக்கிட்டிருந்தேன். ஓட்டம்னா நம்ம ஓட்டம், கிலோமீட்டருக்குப் பத்து நிமிஷம். பின்னால செருப்பில்லாத கால் சத்தம். எழுபது வயசு இருக்கும், வேட்டியை மடிச்சுக் கட்டி, தோள்ல ஒரு துணிப்பை. நடந்தேதான் வந்தாரு. என்னைத் தாண்டிப் போயிட்டாரு.

நாலு எட்டு போய்த் திரும்பிப் பாத்து, "தம்பிக்கு என்ன நேர்த்திக்கடன்?"னு கேட்டாரு.

"இல்லைய்யா, சும்மா உடம்புக்குத்தான்."

"அப்புறம் ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீக?"

போயிட்டாரு. அவரு முந்துனதுகூட பரவாயில்ல. ஓடுறப்ப மூஞ்சிய எப்படி வச்சுக்கிறதுன்னு அன்னையிலேருந்து எனக்குத் தெரியல. சிரிச்சுக்கிட்டே தனியா ஓடுனா ஊரு வேற மாதிரியில்ல நினைக்கும்?

கோட்டையூர்க்காரன்

அண்ணே, மூஞ்சி அப்படிப் போகுதுன்னா நீங்க இன்னும் வேகமாத்தான் ஓடுறீங்கன்னு அர்த்தம். பத்து நிமிஷத்தைப் பன்னெண்டு ஆக்குங்க. ஓடிக்கிட்டே பக்கத்துல இருக்கவர்கிட்ட ஒரு முழு வாக்கியம் தடங்கலில்லாம பேச முடியணும். முடியலையா, வேகத்தைக் குறைங்க, இல்ல நடங்க. நடக்கிறதுல ஒரு கேவலமும் இல்ல. 1972 ஒலிம்பிக்ல ஓடுன ஜெஃப் காலவேயே ஓட்டமும் நடையும் மாத்தி மாத்தித்தான் ஆயிரக்கணக்கான பேரை மாரத்தான் முடிக்க வச்சாரு.

புதுசா வர்றவங்களுக்கு 'கவுச் டு 5கே'ன்னு, சோஃபாவுல கிடந்தவங்களை அஞ்சு கிலோமீட்டர் ஓட வைக்கிற திட்டம் ஒண்ணு இருக்கு. 1996ல ஜோஷ் கிளார்க்னு ஒருத்தர் போட்டது. ஒன்பது வாரம், வாரத்துக்கு மூணே நாள். முதல் வாரம் அஞ்சு நிமிஷம் விறுவிறுன்னு நடந்துட்டு, 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இப்படியே இருபது நிமிஷம். நம்ம ஆளுக முதல் நாளே குன்றக்குடி வரைக்கும் போயிட்டு வந்து, மறுநாள் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாக. மூச்சு சீக்கிரம் பழகிரும். எலும்பும் தசைநாரும் பழக நாளாகும். ஓடாத நாள்லதான் உடம்பு தன்னைச் சரிபண்ணிக்கும். முழங்காலுக்குக் கீழ முன்பக்க எலும்புல ஒரே இடத்துல விரலை வச்சா சுள்ளுன்னு வலிச்சா நிறுத்திருங்க, டாக்டரைப் பாருங்க. ஷூ சாயங்காலமா போய் வாங்குங்க, அப்பத்தான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். விரல் நுனிக்கும் ஷூவுக்கும் நடுவுல கட்டைவிரல் அகலம் இடம் விடணும்.

என் அனுபவமா? காலேஜ் ரோட்டுல ஒரு பையன், "அங்கிள், பஸ் போயிருச்சு"ன்னான். அவ்வளவுதான்.

வளவுக்குள்ள ஓடுனவ

கோட்டையூர் அண்ணே, உங்களைப் படிச்சு முடிக்கவே எனக்கு மூச்சு வாங்கிருச்சு. யாரு கேட்டா ஷூ?

நான் ஓடுனது ரோட்டுலயே இல்ல. கானாடுகாத்தான் வீடுக தெரியும்ல, முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. கல்யாணமாகி வந்த புதுசுல வெளிய ஓடக் கூச்சம். வளவை, அதான் வீட்டு நடுமுற்றத்தை, சுத்தியே ஓடுவேன். கீழ ஆத்தங்குடிக் கல்லு. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்ச அன்னைக்கு மட்டும் ஓட முடியாது, வழுக்கும்.

இவுக அப்பத்தா தூணுல சாஞ்சு பாத்துக்கிட்டே இருப்பாக. ஒண்ணும் சொல்ல மாட்டாக. ஒருநா, ஓலைக் கொட்டானும் ஒரு கை புளியங்கொட்டையும் கொண்டாந்து வச்சுக்கிட்டாக. நான் ஒரு சுத்து வந்தா ஒரு கொட்டை உள்ள விழும். அந்தச் சத்தத்துக்காகவே அடுத்த சுத்து போவேன்.

அப்புறம் ஒருநா விலாவுல பிடிச்சுக்கிச்சு. மூலையில குனிஞ்சு நின்னுட்டு, மெல்ல நடந்து வந்தேன். அப்பத்தா என் மூஞ்சியைப் பாத்துட்டு ரெண்டு கொட்டையாப் போட்டாக. நான் கவனிச்சது அவுகளுக்குத் தெரியும். "கணக்கு எங்கிட்ட இருக்கு ஆத்தா, நீ ஓடு"ன்னாக.

இப்ப கையில வாட்ச் கட்டி ரோட்டுலதான் ஓடுறேன். அது மீட்டர் கணக்காக் காட்டுது. ஒருநாளும் ரெண்டாப் போட்டதில்ல.

தேவகோட்டை ஓய்வூதியர்

அம்மா, வளவில் ஓடுகிற மற்றவர்களும் கவனிக்க: ஒரே பக்கமாகச் சுற்றாதீர்கள், திசையை மாற்றி மாற்றி ஓடுங்கள். அடிக்கடி திரும்புவதால் ஒரு காலுக்கே பாரம் சேரும்.

கோட்டையூர்த் தம்பி சொன்னதில் பாதி சரி, ஆனால் முக்கியமானதை விட்டுவிட்டார். ரோட்டில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓட வேண்டும். ஃபௌஜா சிங் 89 வயதில் தீவிரமாக ஓடத் தொடங்கியவர். 2011இல் டொரண்டோவில் 100 வயதுக்காரராக முழு மாரத்தானை எட்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்து முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று கின்னஸ்காரர்கள் ஏற்கவில்லை, அது வேறு கதை. அப்பேர்ப்பட்டவரே 2025 ஜூலையில் பஞ்சாபில் ரோட்டில் வாகனம் மோதித்தான் போனார். இருட்டில் கறுப்புச் சட்டை போட்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என்னிடம் படித்த பையன் ஒருவன். தேவகோட்டை ரஸ்தாப் பக்கம் நான் ஓடுவதைப் பார்த்து பைக்கை நிறுத்தி இறங்கினான். வண்டியை உருட்டிக்கொண்டே கூட வந்தான். மகளுக்குக் காலேஜ் சீட்டு, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், எல்லாம் பேசினோம். நானும் தடங்கலில்லாமல் பதில் சொன்னேன், தம்பியின் பரிட்சையில் பாஸ்தான். கடைசியில், "சரி சார், நீங்க ஓட ஆரம்பிங்க, நான் கெளம்புறேன்" என்றான்.

பள்ளத்தூர் பார்ட்டி

சார் உங்க பையன் தங்கம். எங்க தெருப் பால்காரரு தினம் எக்ஸெல் மொபெட்டுல பக்கத்துல வந்து, "ஏறிக்கங்கண்ணே, எங்க போகணும்?"பாரு. வேணாம்பேன். மறுநாளும் கேப்பாரு. ஓடுறதுக்குத்தான் ஓடுறேன்னு சொன்னா நம்பல, வீட்டுல ஏதோ சண்டைன்னு நினைச்சிருப்பாரு போல.

ஒருநா, "சும்மாதானே போறீக, இதை அந்தக் கடைசி வீட்டுல குடுத்துருங்க"ன்னு அரை லிட்டர் பாக்கெட்டு ரெண்டைக் கையில திணிச்சுட்டுத் திரும்பிட்டாரு. கைக்கு ஒண்ணாப் பிடிச்சுக்கிட்டு ஓடுனேன். பாக்கெட்டு குலுங்குது, ஈரம் முழங்கை வரைக்கும் வழியுது. அந்த வீட்டு ஆச்சி கதவைத் திறந்து, என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "புது ஆளா? நாளைக்காவது கொஞ்சம் வெரசா வாங்க, காப்பிக்கு நேரமாகுது"ன்னாக.

நான் ஐடி கம்பெனில வேலை பாக்குறேன்னு சொல்ல வாய் வரல. "சரிங்க ஆச்சி"ன்னுட்டேன். அதான் உறுத்துது. இப்பெல்லாம் அந்தத் தெரு வழியா போறதில்ல, அடுத்த தெருவுல நாலு நாய் இருக்கு, இருந்தாலும் அதுலதான் போறேன்.