புதுப்பிப்பு: மீன் லாரியின் துருவும் பிரேக்கும்

நாகப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றும் எங்கள் 2003 மாடல் மினி லாரியில் பிரேக் மிதி தரைவரை இறங்குகிறது என்றும், அடிப்பகுதியெங்கும் துரு ஏறியிருக்கிறது என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர்தான் காரணம் என்று நான் நினைத்தது தவறு. ஐஸ் உருகி வழிந்த உப்புநீர், லாரியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புக்குள் தேங்கி, பின்சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாயில் ஊசித்துளை போட்டிருந்தது.

அந்தத் துண்டை மட்டும் மாற்றினால் போதும் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னார். மற்ற குழாய்களுக்கும் அதே வயதுதான் என்பதால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் துருப்பிடிக்காத செம்பு-நிக்கல் குழாய்களாக மாற்றி, பழைய பிரேக் ஆயிலை முழுவதும் வடித்துவிட்டுப் புதியதை ஊற்றி, குழாய்களுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரத்தை உறிஞ்சிய பின் அது 140 வரை இறங்கக்கூடும்; சூட்டில் ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால் பிரேக் பிடிக்காது என்பதால், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் ஒரு குறுக்குச் சட்டம் மட்டும் உளுத்திருந்தது. அதை வெட்டி மாற்றி, மற்ற இடங்களைச் சுரண்டி துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடித்தோம். இப்போது லோடு இறக்கியவுடன் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவுகிறோம். மிதி பாதியிலேயே கெட்டியாக நிற்கிறது.