பி.டி. பீரியட்ல கணக்கு, மேட்சுக்குப் போனா ஜீரோ: என் பையனுக்கு நடந்தது

நாங்க அல்சூர் பக்கம் கௌதமபுரம். பெலேவுக்கு சிலை வெச்ச ஏரியா, பெங்களூர்க்காரங்களுக்கு தெரிஞ்சிருக்கும், இங்க குழந்தை நடக்க ஆரம்பிச்சதும் கால்ல ஃபுட்பால் வந்துரும். என் பையனும் அப்படிதான், எட்டாவது படிக்கறான், லெஃப்ட் விங் ஆடறான்.

போன வருஷம் ஸ்கூல் டீமோட டிஸ்ட்ரிக்ட் மேட்சுக்கு போகணும், அதே வாரம் யூனிட் டெஸ்ட். ரெண்டு நாள் கழிச்சு எழுதட்டும் மிஸ்னு கணக்கு மிஸ்கிட்ட போய் கெஞ்சி கேட்டேன், ஆப்சென்ட்னா ஜீரோதான்னுட்டாங்க. பி.டி. சார்கிட்ட போனா அவரு பாவம், "என் பீரியடையே வாரத்துல பாதி நாள் கணக்குக்கும் சயின்ஸுக்கும் வாங்கிக்கறாங்கம்மா, நான் யாருகிட்ட போய் சொல்றது"ன்னாரு. பையன் போய் ஆடுனான், செமிஃபைனல் வரைக்கும் வந்தாங்க. டீம் போட்டோ இப்ப ஆபீஸ் ரூம் வாசல்ல தொங்குது, கார்டுல அந்த ஜீரோவும் அப்படியே இருக்கு.

பிரின்சிபாலையும் பாத்தேன். சிபிஎஸ்இல 2018ல இருந்து நேஷனல், இன்டர்நேஷனல் மேட்ச் ஆடற 10, 12ம் வகுப்பு பிள்ளைங்களுக்கு போர்டு பரீட்சையையே வேற தேதியில வைக்கறாங்களே, ஒரு யூனிட் டெஸ்டை நீங்க தள்ளி வைக்கக் கூடாதான்னு கேட்டேன். அது நேஷனல் ஆடறவங்களுக்கு மட்டும்தாம்மான்னாங்க. டிஸ்ட்ரிக்ட் ஆடாம யாருங்க நேஷனலுக்கு போவாங்க?

சரி படிப்பு கிடக்கட்டும், ஆடட்டும்னு விட்டுடவும் எனக்கு மனசு வரல. என் தம்பி ஒன்பதாவதுலயே ஸ்கூலை விட்டுட்டு ஃபுட்பால் பின்னாடி போனவன், செம்ம பிளேயர், 22 வயசுல முட்டி போச்சு. இன்னிக்கு டெம்போ ஓட்டறான், லோடு இறக்கும்போது அந்த கால் இன்னும் வீங்குது.

அசோக் நகர் ஸ்டேடியத்துல லீக் மேட்ச் பாக்க வர்ற ஒரு பெரியவரு, அந்த காலத்துல கம்பெனி டீம்ல ஆடுனவரு, அவருகிட்ட இதையெல்லாம் சொல்லி அழுதுட்டேன். அவரு சொன்னாரு, "எங்க காலத்துல எஸ்எஸ்எல்சி ஃபெயிலானாலும் நல்லா ஆடுனா ஐடிஐ டெலிபோன் ஃபேக்டரிலயோ எச்ஏஎல் விமான ஃபேக்டரிலயோ கூப்ட்டு வேலை குடுத்தாங்க, 1977ல கல்கத்தா மோகன் பகான் டீமை அடிச்சு முதல் ஃபெடரேஷன் கப்பை தூக்குனது நம்ம ஐடிஐ டீம் தாயி. இப்ப அந்த வேலை எங்க இருக்கு? உன் பையன் ரெண்டையும் விடக் கூடாது."

அதேதான் நானும் சொல்றேன். ரெண்டையும் புடிச்சுக்கணும்னா வீட்டுல இருந்து நாங்க மட்டும் செய்ய முடியாது, ஸ்கூல் ஒரு கை குடுக்கணும். பெருசா ஸ்டேடியம் கட்டச் சொல்லல. பி.டி. பீரியடை பி.டி.க்கே விடுங்க, மேட்ச் அன்னிக்கு போன டெஸ்டை இன்னொரு நாள் வைங்க, விட்டுப்போன பாடத்தை ஒரு அரை மணி நேரம் உக்காந்து சொல்லிக் குடுங்க.

காலையில அஞ்சரைக்கு கிரவுண்டு, சாயங்காலம் கணக்கு டியூஷன்னு ஓடிட்டு இருக்கான், அடுத்த செலக்ஷன் வேற வருது. உங்க பிள்ளைங்க ஸ்கூல்ல ரீ-டெஸ்ட் வெச்சாங்களா, யாருகிட்ட எப்படி பேசி வாங்குனீங்க, கொஞ்சம் சொல்லுங்கப்பா.