1965 மஸ்டாங் ஃபாஸ்ட்பேக்: ‘ஜிடி, மேட்சிங் நம்பர்ஸ்’ விளம்பரத்தை நம்பலாமா?

சக்கரவாகம் (கேள்வி)

கலெக்டர் கார்கள் விற்கும் ஒரு டீலரிடம் கன்சைன்மென்ட்டில் (உரிமையாளர் சார்பில் டீலர் விற்றுக்கொடுப்பது) நிற்கிற வண்டி. விளம்பரத்தில் உள்ளது இவ்வளவுதான்: 1965 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக் (கூரை பின்னால் சரிந்து இறங்கும் வகை), ஜிடி (ஆலையின் ஸ்போர்ட்ஸ் பேக்கேஜ்), 289 வி8, நாலு பேரல் கார்பரேட்டர், ஆட்டோமேட்டிக், மேட்சிங் நம்பர்ஸ் (ஆலையில் போட்ட அதே இன்ஜின்), ‘ஒரிஜினல் 61,000 மைல்’. விலை 58,000 டாலர். வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) 5ஆர்09சி என்று தொடங்குகிறது. கதவுத் தகட்டில் பாடி 63ஏ, தேதி 20எல், ஆக்ஸில் 1, டிரான்ஸ்மிஷன் 6.

வண்டி வேறு மாநிலத்தில் இருக்கிறது. டிக்கெட் போட்டுக் கிளம்புவதற்கு முன் இந்தக் குறியீடுகளை வைத்தே எவ்வளவு தெரிந்துகொள்ளலாம்? ஃபோர்டு ஆலைப் பதிவுகளிலிருந்து வண்டியின் விவரம் தரும் மார்ட்டி ரிப்போர்ட் வாங்கினால் போதுமா?

பழைய இரும்பு

மார்ட்டி ரிப்போர்ட் 1967 மாடலில் இருந்துதான் கிடைக்கும். 65, 66 வண்டிகளுக்குக் கிடையாது. அதனால் இரும்பைத்தான் படிக்க வேண்டும்.

ஆனால் நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. 5 என்றால் 1965. ஆர் என்றால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஆலை. 09 ஃபாஸ்ட்பேக், இது நல்ல செய்தி. ஹார்ட்டாப் (07) வாங்கி, கூரையை வெட்டி ஃபாஸ்ட்பேக் ஆக்கியவை சந்தையில் நிறைய உண்டு. இது அந்த ரகமில்லை என்று தகடாவது சொல்கிறது.

அடுத்த எழுத்துதான் விஷயம். சி என்பது 289 இரண்டு பேரல், 200 குதிரைத்திறன். ஜிடி பேக்கேஜ் நாலு பேரல் இன்ஜின்களுக்கு மட்டுமே, அதாவது ஏ (225) அல்லது கே (271). சி வண்டி ஆலையிலிருந்து ஜிடியாக வந்திருக்க வழியே இல்லை.

தேதியும் அதையே சொல்கிறது. மாத எழுத்து ஏ ஜனவரியில் தொடங்கும், ஐ கிடையாது, எல் நவம்பர். 1965 மாடலுக்கு அது 1964 நவம்பர் 20. ஜிடி பேக்கேஜ் அறிமுகமானது 1965 ஏப்ரலில். இந்த வண்டி வெளியே வந்தபோது அப்படி ஒரு பேக்கேஜே விற்பனையில் இல்லை.

மற்றவை பொருந்துகின்றன: ஆக்ஸில் 1 என்றால் 3.00 விகிதம், டிரான்ஸ்மிஷன் 6 என்றால் சி4 ஆட்டோமேட்டிக். 63ஏ சாதாரண உள்ளலங்காரம். படத்தில் ஓடும் குதிரைகள் பொறித்த சீட் தெரிந்தால் அது பிறகு போட்டது; அதற்கு 63பி இருக்க வேண்டும்.

மேட்சிங் நம்பர்ஸ்? 65இல் கே இன்ஜினில் மட்டும்தான் வண்டியின் வின்னை பிளாக்கில் குத்தினார்கள். மற்ற இன்ஜின்களில் அது 1968இல்தான் வந்தது. சி வண்டியில் பொருத்திப் பார்க்க நம்பரே இல்லாதபோது, எது எதோடு மேட்ச் ஆகிறது என்று டீலரைக் கேளுங்கள்.

நட்டு போல்டு

மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். பிளாக்கில் வின் இல்லாவிட்டாலும் வார்ப்புத் தேதி பொருந்த வேண்டும். பிளாக்கின் வலப்பக்கம் ஸ்டார்ட்டருக்கு மேலே சி5ஏஈ என்று தொடங்கும் வார்ப்பு எண்ணும், அருகே தேதியும் இருக்கும். பெரும்பாலும் ஸ்டார்ட்டரைக் கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும். ‘4கே9’ மாதிரி இருந்தால் 1964 அக்டோபர் 9. நவம்பர் 20 வண்டிக்கு அது கச்சிதம். வண்டியின் தேதிக்குப் பிந்திய வார்ப்பு என்றால் இன்ஜின் மாற்றியாகிவிட்டது, அவ்வளவுதான்.

நாலு பேரல் மேனிஃபோல்டும் கார்பரேட்டரும் ஒரு சனிக்கிழமை வேலை. உள்ளே பிஸ்டன் பழையதுதான். ஏ இன்ஜினின் கம்ப்ரஷன் 10:1, சி இன்ஜினுக்கு 9.3:1. கார்பரேட்டரை மாற்றினால் சி ஏ ஆகிவிடாது.

61,000 மைல் கதையை அப்படியே விடுங்கள். ஓடோமீட்டரில் முழு மைலுக்கு ஐந்து இலக்கம்தான், 99,999க்குப் பிறகு சுழியத்துக்குத் திரும்பும். சர்வீஸ் ரசீதுகள் வரிசையாக இல்லாமல் ‘ஒரிஜினல்’ என்பதற்கு மதிப்பில்லை.

கௌல் தண்ணீர்

ஜிடியா இல்லையா என்பதைவிட எனக்கு இரும்புதான் கவலை. போலி ஜிடி பேட்ஜைக் கழற்றிவிடலாம், துருவைக் கழற்ற முடியாது.

முதலில் கௌல், அதாவது விண்ட்ஷீல்டுக்கு அடியில் காற்று நுழையும் தகட்டுப் பெட்டி. விண்ட்ஷீல்டுக்குக் கீழே உள்ள கிரில்லில் ஒரு குடம் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். ஒருவர் உள்ளே டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு படுத்து ஹீட்டர் பக்கமும் டிரைவர் பக்கக் காற்றுத் துளையும் பார்க்கட்டும். தண்ணீர் ஃபெண்டருக்குப் பின்னால் இருபுறமும் வெளியே கொட்ட வேண்டும். கார்ப்பெட்டில் சொட்டினால் உள்ளே நிற்கிற வளையத் தகடு தின்றுபோயிருக்கிறது. அதைச் சரிசெய்ய ஃபெண்டர்களைக் கழற்றி, ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து, மேல்தகட்டையே தூக்க வேண்டும். சீலண்ட் பூசி மறைப்பவர்கள்தான் அதிகம். ஆகவே ‘கௌல் பார்த்தாகிவிட்டது’ என்றால் எப்படி என்று கேளுங்கள்.

அடுத்து வலது முன்பக்கம், பேட்டரி தட்டுக்குக் கீழே ஏப்ரனும் (இன்ஜின் அறையின் பக்கத் தகடு) ஃபிரேம் ரெயிலும். ஆசிட் இறங்கும் இடம். ஷாக் டவரில் மேல் கன்ட்ரோல் ஆர்ம் பிடிக்கும் இடத்தில் விரிசலும் வெல்டும். பின்னால் பெட்ரோல் டேங்க். இந்த மாடலில் டேங்கின் மேல்தகடே டிக்கியின் தரை, அதன் ஓரம் துரு பிடித்தால் டிக்கிக்குள் பெட்ரோல் வாடை வரும்.

அடியில் பளபளவென்று புதிதாக அண்டர்கோட்டிங் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். இன்ஸ்பெக்டரிடம் பெயின்ட் கேஜ் இருக்கட்டும்: 4 முதல் 6 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆலைப் பெயின்ட், 10, 12 மறுபெயின்ட், 40 தாண்டினால் கீழே பட்டி.

சக்கரவாகம்

நன்றி. டீலரிடம் படங்கள் கேட்டேன். எக்ஸாஸ்ட் குழாய் பின்பக்க வேலன்ஸ் (பம்பருக்குக் கீழுள்ள தகடு) வழியாக வெளியே வருகிறது, முன்னால் டிஸ்க் பிரேக், ஃபாக் லைட், ஐந்து வட்ட மீட்டர் எல்லாம் இருக்கிறது. ‘அசலாக இல்லாவிட்டால் இவ்வளவும் எப்படி இருக்கும்’ என்கிறார்.

பழைய இரும்பு

எல்லாமே கேட்டலாக்கில் கிடைக்கிற பாகங்கள். இவை இருப்பது எதையும் நிரூபிக்காது, இல்லாததுதான் நிரூபிக்கும். பின் ஃபிரேம் ரெயிலில் எக்ஸாஸ்ட் ஹேங்கர் பிடிக்க ஆலையில் வெல்டு செய்த வலுவூட்டும் தகட்டைப் படம் கேளுங்கள். இல்லையென்றால் பேசவே வேண்டாம்; இருந்தாலும் சி எழுத்தும் நவம்பர் தேதியும் மாறப்போவதில்லை.

வேண்டாம் என்று சொல்லவில்லை. சி4 போட்ட அசல் 09 ஃபாஸ்ட்பேக் நல்ல வண்டிதான். ஜிடிக்கான கூடுதலைக் கழித்துவிட்டு, சி வண்டி விலையில் பேசுங்கள். பில்லில் ‘ஜிடி’ என்று எழுத விடாதீர்கள், நாளைக்கு நீங்கள் விற்கும்போது அந்தச் சொல் உங்கள் தலையில் விடியும்.

நட்டு போல்டு

பணம் அனுப்புவதற்கு முன் டைட்டிலின் (உரிமைப் பத்திரம்) இரு பக்கமும் படம் வாங்குங்கள். கன்சைன்மென்ட் என்றால் டைட்டில் உரிமையாளர் பெயரில் இருக்கும். லியன் (வண்டி மேல் கடன் கொடுத்தவரின் பிடி) இருந்தால் விடுவிப்புக் கடிதம் வேண்டும். டைட்டிலில் உள்ள நம்பரைக் கதவுத் தகட்டோடு மட்டும் ஒப்பிடாதீர்கள், புதுத் தகடு அச்சடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், கதவும் மாறியிருக்கலாம். பானெட்டைத் திறந்து டிரைவர் பக்க ஏப்ரனில், ஃபெண்டர் ஓரத்து வெட்டு வழியே தெரியும் குத்து எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஃபெண்டருக்கு அடியில் மறைவாக இன்னும் இரண்டு இடங்களில் அதே எண் இருக்கும். ஏப்ரன் எண்ணைச் சுற்றி அரைத்த தடமோ வெல்டோ தெரிந்தால் விலை எதுவானாலும் விலகிவிடுங்கள்.