ஒரு டாலரில் சிங்கப்பூர் கம்பெனி: இந்தப் பேச்சை யார் நிறுத்துவது?

கணக்கர்_கோவை:
எங்கள் தொழிற்சங்கக் குழுவில் ஒரு காணொளி சுற்றுகிறது. "கையில் ஒரு டாலர் போதும், சிங்கப்பூரில் கம்பெனி தொடங்கலாம். அங்கிருந்து பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் அது அந்நிய நேரடி முதலீடு, வரிச் சலுகை தானாக வரும்" என்று ஒருவர் அடித்துப் பேசுகிறார். காலையிலிருந்து வாடிக்கையாளர்கள் அதைச் சொல்லியே அழைக்கிறார்கள். ஒரு சிங்கப்பூர் டாலர் என்பது குறைந்தபட்ச மூலதனம் மட்டுமே. பெயர்ப் பதிவுக்கு 15 டாலர், கம்பெனிப் பதிவுக்கு 300 டாலர் அக்ராவுக்கு, அதாவது அங்கே கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்புக்கு, கட்ட வேண்டும். வெளிநாட்டவர் தாமாக விண்ணப்பிக்க முடியாது, பதிவுபெற்ற முகவர் வேண்டும். அந்த ஊரில் வசிக்கும் இயக்குநர் ஒருவர் கட்டாயம். 6 மாதத்துக்குள் கம்பெனிச் செயலாளரை நியமிக்க வேண்டும். இத்தனையையும் மறைத்துவிட்டு ஒரு டாலர் என்பது பச்சைப் பொய்.

பின்னலாடைக்காரன்:
சட்டத்தில் ஒரு டாலர் என்று இருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பிறகு பொய் எங்கே வந்தது?

கணக்கர்_கோவை:
தம்பி, மூலதனம் வேறு, செலவு வேறு. இதைக்கூடப் பிரித்துப் பார்க்கத் தெரியாமலா ஏற்றுமதி செய்கிறீர்கள்?

பின்னலாடைக்காரன்:
என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். உங்களுக்கு முன்பே தொழிலுக்கு வந்தவன் நான். ஜிஎஸ்டி திரியிலும் இப்படித்தான் மற்றவர்களைச் சிறுபிள்ளைகளாக்கினீர்கள். ஒரு டாலர் சரியா, தவறா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

சிராங்கூன்வாசி:
இங்கே பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு டாலர் மூலதனத்தில் பதிவான கம்பெனிகள் ஏராளம். ஆனால் அந்தக் காகிதத்தோடு வங்கிக்குப் போனால் கணக்குத் திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். என்ன வியாபாரம், யார் உரிமையாளர், பணம் எங்கிருந்து வருகிறது என்று துருவுவார்கள். பெயருக்கு இயக்குநராக உட்காருபவரும் சும்மா உட்கார மாட்டார், ஆண்டுதோறும் கட்டணம் கேட்பார்.

பின்னலாடைக்காரன்:
ஆக, ஒரு டாலர் சரி. நன்றி.

கணக்கர்_கோவை:
அவர் எழுதியதில் முதல் வரியை மட்டும் படித்தீர்களா? சரி, சிங்கப்பூரை விடுங்கள், இந்தப் பக்கம் பாருங்கள். 2022 ஆகஸ்ட் 22 அன்று, இங்கிருந்து வெளிநாட்டில் முதலீடு செய்வதற்கான விதிகள் புதிதாக வந்தன. இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். ஆனால் வங்கி வழியாகப் படிவம் கொடுத்துத் தனி அடையாள எண் பெற்ற பிறகே முதல் டாலர் நகர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று இருக்கிறது: வெளிநாட்டுக் கம்பெனி தனிநபராகிய உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால், அதற்குக் கீழே துணை நிறுவனம், அதாவது அதன் கட்டுப்பாட்டில் இன்னொரு கம்பெனி, இருக்கக் கூடாது. திருப்பூரில் துணை நிறுவனம் தொடங்கி, "சிங்கப்பூர் முதலீடு வந்தது" என்று காட்டும் கதை அங்கேயே முடிந்தது. காணொளிக்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மதுரை_மீனாட்சி:
விதியைச் சொல்லி என்ன பயன்? பெரிய முதலாளிகள் எல்லாரும் பணத்தை வெளிநாட்டுக் கம்பெனி வழியாகச் சுற்றவிட்டுத்தான் கொண்டுவந்தார்கள். மொரீஷியஸ் என்ற சின்னத் தீவு இந்தியாவின் மிகப் பெரிய முதலீட்டாளர்களில் ஒன்றாக ஆனது எப்படி? இந்தியாவோடு போட்ட 1982 வரி ஒப்பந்தம். அங்கே பதிவு செய்த கம்பெனி இந்தியப் பங்கை விற்றால், அந்த லாபத்துக்கு இங்கே மூலதன ஆதாய வரி இல்லை என்று இருந்தது. 2016-இல் திருத்தி, 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளுக்கு மட்டும் வரி என்றார்கள். அதுவரை போனது போனதுதான். திருப்பூர்க்காரர் செய்தால் மட்டும் குற்றமா?

கணக்கர்_கோவை:
குற்றம் என்று யார் சொன்னது? முடியாது என்கிறேன். வாடிக்கையாளருக்கு நோட்டீஸ் வந்தால் பதில் எழுதப்போவது நான், நீங்கள் அல்ல. வெளிநாட்டுச் சொத்தை வருமான வரிக் கணக்கில் காட்டாவிட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம்.

பின்னலாடைக்காரன்:
இப்போது பிடித்துவிட்டேன். அசையாச் சொத்து தவிர மற்றவை 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அந்த அபராதம் கிடையாது என்று 2024 அக்டோபரிலேயே மாற்றிவிட்டார்கள். ஒரு டாலர் கம்பெனிக்கு 10 லட்சம் என்று பயமுறுத்துகிறீர்கள். இதுதான் உங்கள் தொழிலின் லட்சணம்!

கணக்கர்_கோவை:
ஒரு டாலரிலேயே நின்றுவிடுமா உங்கள் கம்பெனி? சரக்குக்குப் பணம் வராதா? வங்கி இருப்பு ஏறாதா? துணை நிறுவனத்தைப் பற்றிக் கேட்டேனே, அதற்கு ஏன் மௌனம்?

அம்பத்தூர்_ராஜன்:
இரண்டு பேரும் காகிதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்நிய முதலீடு என்றால் இருங்காட்டுக்கோட்டை. கொரியக் கார் நிறுவனம் ஹூண்டாய் 1996-இல் அங்கே வந்தது, 1998-இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. அதை நம்பி எத்தனை உதிரிபாகப் பட்டறைகள் பிழைத்தன! என் பட்டறையும் அதில் ஒன்று.

மதுரை_மீனாட்சி:
அதே ஹூண்டாய் 2024 அக்டோபரில் பங்கு வெளியிட்டுத் திரட்டிய 27,870 கோடி ரூபாயும் கொரியத் தாய் நிறுவனத்துக்குத்தான் போனது. அதையும் எழுதுங்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா கைப்பேசி ஆலையை 2014-இல் மூடினார்களே, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

அம்பத்தூர்_ராஜன்:
நோக்கியா மூடியதற்கு வரித் துறையின் வழக்கும் ஒரு காரணம். அரசு துரத்தியதை முதலீட்டாளர் தலையில் கட்டாதீர்கள்.

மதுரை_மீனாட்சி:
சலுகையை அனுபவிக்கும் வரை இருந்தார்கள். கைப்பேசிச் சந்தையைக் கோட்டைவிட்டது வரித் துறையா? வேலை இழந்த பெண்களிடம் போய் இந்த நியாயத்தைச் சொல்லுங்கள்.

கணக்கர்_கோவை:
திரியைத் திசைதிருப்பாதீர்கள். சிங்கப்பூரில் தாய் நிறுவனம் வைத்திருந்த பணப் பரிமாற்றச் செயலி நிறுவனம் போன்பே 2022-இல் இந்தியாவுக்கே திரும்பியது. அதற்காக அதன் முதலீட்டாளர்கள் கட்டிய வரி சுமார் 8,000 கோடி ரூபாய். போவது மலிவு, திரும்புவது மலிவல்ல. பின்னலாடைக்காரரே, நேராகக் கேட்கிறேன்: துணை நிறுவனம் தொடங்கப்போகிறீர்களா, இல்லையா?

பின்னலாடைக்காரன்:
என் திட்டத்தை உங்களிடம் ஒப்பிக்க வேண்டிய அவசியம் இல்லை. எனக்கு வேறு ஆடிட்டர் இருக்கிறார்.

கணக்கர்_கோவை:
அவர் இந்த விதியைப் படித்தாரா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

அம்பத்தூர்_ராஜன்:
மீனாட்சி அம்மா, நோக்கியா ஆலைக்குள் ஒரு நாளாவது காலை வைத்திருக்கிறீர்களா?